இடது சட்டத்தில் ஒரு மான்

வெண்டல் ஹாட்ச்சின் வீட்டு வாசலில் மான்டி காரை ரிவர்ஸ் எடுத்து நேராகத் தபால்பெட்டிக் கம்பத்தில் கொண்டுபோய் மோதினான். மெதுவாகத்தான் மோதினான். ஆனால் சத்தம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணியைப் போலக் கேட்டது. அவன் முதலாளி, துப்பறிவாளர் லியோனா ஸ்டாசிக்கின் கையிலிருந்த காபி மொத்தமும் அவள் மடியில்.

"கம்பத்துக்கு ஒண்ணுமே ஆகல பாஸ்," என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சொன்னான் மான்டி. "நம்ம பம்பர்தான் கை கூப்பிக் கும்பிடுது."

"உனக்கு லைசென்ஸ் குடுத்தவன் எங்க இருக்கான்னு கண்டுபிடி. முதல்ல அவன் மேல கேஸ் போடுவோம்."

"அவரு ரிட்டயர் ஆயிட்டாரு பாஸ். எனக்கு டெஸ்ட் எடுத்த அன்னிக்கே."

லியோனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே அவளுக்குக் கோபம். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒடெஸா ப்ரூயிட்டின் கோபம் அதைவிடப் பெரிது. அந்த அம்மாள் வாயைத் திறக்காமல், கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டே வந்தாள். சில மாதங்களுக்கு முன் கணவர் எல்வுட்டைப் புதைத்துவிட்டு வீடு திரும்பியபோது அவளுடைய காராஜ் காலியாக இருந்தது. உள்ளே நின்றிருந்த 1969 மஸ்டாங் காரை யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பாதிரியார் கல்லறையில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்.

அந்தக் கார் இப்போது பச்சையிலிருந்து சிவப்பாகி, வேறொரு நம்பரோடு, கவுன்டி கண்காட்சித் திடலில் ஏலத்துக்கு நிற்கிறது என்பது ஒடெஸாவின் கட்சி. மதியத்துக்கு மேல் ஏலம். வாங்க வந்திருப்பவர்களில் பாதிப் பேர் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். சுத்தியல் ஒருமுறை விழுந்துவிட்டால் அப்புறம் அந்தக் காரைக் கனவில்தான் பார்க்கலாம்.

வீட்டுக்குள்ளிருந்து வெண்டல் ஹாட்ச் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வேகமாக நொண்டி வந்தார். எல்வுட்டின் பழைய சிநேகிதர், வீட்டு ஷெட்டில் பழைய கார்களைப் பழுது பார்க்கிறவர். சவப்பெட்டியைத் தோளில் சுமந்த ஆறு பேரில் ஒருவர். அந்தக் காரின் அடிவயிறுவரை தெரிந்தவர் என்று ஒடெஸாவே சொன்னதால், அடையாளம் காட்ட அவரைக் கூட்டிப் போக வந்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்கங்க சார், கம்பத்துக்கு நான் வேணா..." என்று ஆரம்பித்தான் மான்டி.

"அட விடு தம்பி! கம்பம்தானே!" வெண்டல் கம்பத்துக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "கிளம்புங்க, கிளம்புங்க. நேரமாச்சு."

நல்ல மனிதர்தான் என்று நினைத்துக்கொண்டாள் லியோனா. இந்தப் பக்கத்தில் பனி வாரும் வண்டி தபால்பெட்டியைத் தட்டிவிட்டால்கூட ஜனங்கள் டிரைவரின் பாட்டனார்வரை இழுத்துத் திட்டுவார்கள். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். வெள்ளை பெயின்ட் அடித்த கம்பம். நடுவில் முழங்கால் லேசாக மடங்கினாற்போல் ஒரு வளைவு. அதன் தலையில் தபால்பெட்டி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது.

"நம்பிக்கையா இரு தங்கச்சி," என்றார் வெண்டல், ஒடெஸாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து. "எல்வுட்டோட காரை நான் கண்ணைக் கட்டிட்டுக்கூட கண்டுபிடிப்பேன்."

ஒடெஸாவின் கையில் கைப்பையின் பிடி இன்னொரு சுற்று முறுக்கிக்கொண்டது.

*

திடலின் பெரிய கொட்டகையில் டோனட் வாசனையும் வாக்ஸ் வாசனையும் கலந்து வீசின. சிவப்பு மஸ்டாங் லிஃப்டின் மேல் ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. ஏலக்காரர்களின் பரிசோதகர் ஃபிட்ச், தூய்மையான வெள்ளைக் கையுறையோடு, அதைத் தன் சொந்தக் குழந்தையைப் போலக் காவல் காத்தார்.

"நேத்தும் இந்தம்மா வந்தாங்க," என்றார் ஃபிட்ச். "கதவை லேசாத் தூக்கிச் சாத்தினாதான் மூடும், அது என் கை பழக்கம்ங்கறாங்க. இந்த வயசு வண்டி எல்லாத்துலயும் கதவு தொங்கத்தான் செய்யும். நம்பர் சரியா இருக்கு. பேப்பர் சரியா இருக்கு."

"நம்பர் எங்க குத்தியிருக்கும்?" என்று கேட்டான் மான்டி.

லியோனா பதில் சொன்னாள். துப்பறிய வருமுன் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களை அளந்தவள் அவள். "இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேல ஒரு தகடு இருக்கு பாரு, அதுல. செத்துப்போன வண்டியிலேர்ந்து அந்தத் தகட்டை வெட்டி, திருடின வண்டியில வச்சு வெல்டு பண்ணிட்டா, பேப்பர் படி செத்தது உயிரோட வந்துரும். திருடினது செத்துரும்."

"அப்ப நம்பரை நம்ப முடியாது. வேற எதைப் பாக்கறது?"

"எலும்பை."

அவள் டார்ச்சைக் காரின் அடியில் பாய்ச்சினாள். இந்த மாதிரிக் கார்களுக்கு லாரியைப் போலத் தனியாக ஒரு சேசிஸ் கிடையாது. உடம்பே கூடு. ஆனால் இன்ஜினைத் தாங்குவதற்காக, ஓட்டுநரின் காலடியிலிருந்து முன் பம்பர்வரை இரண்டு இரும்புச் சட்டங்கள் நீண்டு வரும். அட்டைப்பெட்டியைப் போல நான்கு பக்கமும் மூடி, உள்ளே காலியாக இருக்கும். இன்ஜின், முன் சக்கரம், ஸ்டியரிங், பம்பர், எல்லாம் அந்த இரண்டு கைகளில்தான் தொங்குகின்றன. அதில் ஒன்று ஒரு விரல் அகலம் வளைந்தாலும் கார் நேராக ஓடாது. நடக்கும்போது காலை இழுக்கும் ஆளைப் போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

ஒடெஸாவின் காருக்கு அந்த விபத்து நடந்திருந்தது. எழுபத்தெட்டில், நவம்பரில், ஒரு மான் குறுக்கே பாய்ந்து இடது சட்டத்தை மடக்கியது. புதுச் சட்டம் வாங்க வழியில்லாமல், பழையதையே இழுத்து நிமிர்த்தி, உள்ளே ஒரு கட்டிலின் இரும்புக் கோணத்தை வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். கட்டில் இரும்பு லேசுப்பட்டதல்ல. ட்ரில் வைத்தால் ட்ரில் ஒடியும், அது ஒடியாது. வளைவை முழுசாக எடுக்கவும் முடியவில்லை. லேசாக ஒரு முழங்கால் மிச்சம்.

வெண்டல் நீளக் கம்பியில் கட்டிய கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"தங்கச்சி... சொல்லவே கஷ்டமா இருக்கு. எல்வுட் போட்ட ஒட்டு இதுல இல்ல. சட்டம் ரெண்டும் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. இது அவன் கார் இல்லம்மா."

ஒடெஸாவின் முகம் இருண்டது.

"சட்டத்தையே மாத்தியிருக்கலாமே?" என்றாள் லியோனா. "பழசை வெல்டு புள்ளி புள்ளியா ட்ரில் பண்ணிக் கழட்டணும். வண்டியை அசையாம ஒரு இரும்பு மேடையில பூட்டி வைக்கணும். புதுச் சட்டத்தை அளந்து உக்காத்தி, அதே புள்ளிகள்ல வெல்டு அடிக்கணும். வேலை தெரிஞ்சவனுக்கு அது ஒண்ணும் மாயமந்திரம் இல்ல."

"இங்க நிக்கிற வண்டியில பாதிக்கு அப்படித்தான் மாத்தியிருக்கு," என்றார் ஃபிட்ச். "சட்டம் மாத்தினா திருட்டுன்னு ஆயிருமா?"

லியோனா பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பம்பரைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புத் தாங்கி ஒவ்வொரு பக்கமும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று போல்ட். வலது பக்கம் போல்ட்டுகளுக்கு அடியில் சாதாரண வாஷர். இடது பக்கம்? தட்டு மாதிரி மூன்று பெரிய வாஷர்.

"மான்டி. ஒருத்தன் ஒரு கையில மட்டும் கையுறை போட்டுட்டு வந்தா என்ன அர்த்தம்?"

"அந்தக் கையில அவன் பொண்டாட்டி பாக்கக் கூடாத பேரைப் பச்சை குத்தியிருக்குன்னு அர்த்தம் பாஸ்."

"ஃபிட்ச், அந்த வாஷரைக் கழட்டிக் காட்டுங்க."

"காரணம் இல்லாம நான் எதையும் கழட்ட முடியாது மேடம்."

"வாஷர் பெருசா இருந்தா திருட்டா?" என்றார் வெண்டல், தலையை ஆட்டி. "போகலாம் தங்கச்சி. எல்வுட் இருந்திருந்தா அவனே சொல்லியிருப்பான், இது தன் கார் இல்லேன்னு."

அப்போதுதான் ஒடெஸா வாயைத் திறந்தாள்.

"எல்வுட்டோட காரு, எல்வுட்டோட காரு!" அவள் குரலில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. "அது என் காருடா! தகடு அடிக்கிற ஸ்டாம்பிங் பிளான்ட்ல ராவும் பகலும் நின்னு நான் வாங்குனது. மானை இடிச்சது நான். சட்டத்தை மரத்துல சங்கிலி கட்டி இழுத்தது நான். வெல்டு அடிச்சது நான்! எல்வுட்டுக்கு வெல்டிங் கம்பியை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது. அவரு பண்ணது ஒண்ணே ஒண்ணு, காபி போட்டாரு. அதுவும் நல்லா இல்ல."

 ஒடெஸா ஃபிட்ச்சின் பக்கம் திரும்பினாள்.

"காரணம் வேணுமா? கழட்டறதுக்கு முன்னாடி நானே சொல்றேன், கேட்டுக்கங்க. மான் கீழ்ப்பக்கமா அடிச்சது. அதனால சட்டத்தோட கீழ் ரெண்டு ஓட்டையும் பின்னால நகர்ந்துபோச்சு, மேல் ஓட்டை நகரல. பம்பர் நேரா உக்காரணும்னு தாங்கியோட கீழ் ரெண்டு ஓட்டையையும் இன்ஜின் பக்கமா நான் அரம் போட்டு நீட்டினேன். மேல் ஓட்டை வட்டமாவே இருக்கும். கடைசி ஓட்டையில அரம் வழுக்கி, பூனை பிராண்டின மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கும். இல்லேன்னா நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்."

 ஃபிட்ச் ஸ்பானரை எடுத்தார்.

முதல் வாஷர் வந்தது. ஓட்டை வட்டம். இரண்டாவது வந்தது. ஓட்டை முட்டை மாதிரி நீளம், இன்ஜின் பக்கமாக. மூன்றாவது வந்தபோது ஃபிட்ச் தன் வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியிலும் பூனை பிராண்டியிருந்தது.

"நேரான சட்டத்துக்குக் கோணல் தாங்கி எதுக்கு?" என்றாள் லியோனா. "புதுத் தாங்கி ஈஸியாக் கிடைக்குமே!"

"தொழிற்சாலை முத்திரை," என்றார் ஃபிட்ச் மெதுவாக. "பழைய தாங்கியில முத்திரை இருக்கும். அது இருந்தா அசல். அசல் இரும்பை இந்த ஆளுங்க எவனும் தூக்கிப் போட மாட்டான்."

"ஆனா தாங்கிதானே?" வெண்டலின் குரல் சற்றே உயர்ந்தது. "எல்வுட்... இல்ல, யாரோ அதைப் பழைய சாமான் சந்தையில வித்திருக்கலாம். அதை இவங்க வாங்கி மாட்டியிருக்கலாம்."

ஃபிட்ச் தலையசைத்தார். "அவர் சொல்றது நியாயம்தான் மேடம். தாங்கி போல்ட்டைக் கழட்டினா கையோட வந்துரும், காருக்குக் கார் மாறும். தாங்கி உங்களுதா இருக்கலாம், கார் உங்களுதுன்னு அதை வச்சு நான் ஏலத்தை நிறுத்த முடியாது. பழைய சட்டம் இருந்து, இந்தத் தாங்கி அதுல பொருந்தினா, அது வேற விஷயம்."

"பழைய சட்டம் எந்தக் குப்பையில கிடக்கோ!" என்றார் வெண்டல்.

*

லியோனா வெளியே வந்து தன் காரின் டயரை ஓங்கி உதைத்தாள். கால் வலித்தது. கோபம் இன்னும் கூடியது.

"டயரை விட்ருங்க பாஸ். அது எந்தத் தப்பும் பண்ணல. பண்ணினது பம்பர்." மான்டி குனிந்து பின் பம்பரைத் தடவினான். "பாருங்க, எப்படி உள்ள போயிருக்கு! மரக் கம்பம்னா ஒடிஞ்சிருக்கும். குழாய்னா சாஞ்சிருக்கும். இது அசையவே இல்ல. அந்தக் கம்பத்தோட பெயின்ட்டைக்கூட நமக்கு ஞாபகார்த்தமா ஒட்டி அனுப்பியிருக்கு."

லியோனா அப்படியே நின்றாள். பிறகு மடியில் காபிக் கறையோடு மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

பம்பரின் பள்ளத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு பெயின்ட் செதில். அதை நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்தாள். மேலே வெள்ளை. அதைப் புரட்டினாள். அடியில் பச்சை. அதற்கும் அடியில் துருச் சிவப்பு, இரும்பின் மேல் முதலில் பூசுகிற ப்ரைமர்.

"ஒடெஸா," என்று அழைத்தாள். வாசலில் நின்றிருந்த ஒடெஸா வந்தாள். "ஒட்டு போட்டப்புறம் சட்டத்துக்கு என்ன கலர் அடிச்சீங்க?"

"என்ன கேள்வி இது! பச்சைதான். தொழிற்சாலையில கறுப்பு அடிப்பான். எங்கிட்ட காருக்கு அடிச்ச பச்சை கொஞ்சம் மிச்சமிருந்துச்சு, அதையே அடிச்சேன். எல்வுட் சிரிச்சாரு. யாரு பாக்கப்போறான்னு சொன்னேன்."

லியோனா செதிலைக் கைக்குட்டையில் மடித்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த மான்டி கிண்டலை விழுங்கிக்கொண்டான்.

"மான்டி, உள்ள போ. ஃபிட்ச்சை அந்தத் தாங்கியோட வரச் சொல்லு. கேட்டுல காவலுக்கு நிக்கிற ஷெரிஃப் டெபுடியும் வரட்டும். ரெண்டு பேரும் அவங்க வண்டியில நமக்குப் பின்னால வரணும். வெண்டல் கண்ணுல படாம பேசு."

"வெண்டல்கிட்ட என்ன சொல்ல?"

"வீட்டுல விட்டுர்றோம்னு சொல்லு. முட்டி வலிக்குதுல்ல, பாவம்."

*

வழியெல்லாம் வெண்டல் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். போனது போகட்டும் தங்கச்சி. இரும்புதானே தங்கச்சி. ஒடெஸா ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளத் தட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லியோனா ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டு ஓட்டினாள். ஒவ்வொரு 'தங்கச்சி'க்கும் வேகமுள் ஒரு கோடு ஏறியது.

தபால்பெட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். பின்னால் டெபுடியின் வண்டியும் வந்து நின்றபோதுதான் வெண்டல் பேச்சை நிறுத்தினார்.

"மான்டி, பெட்டியைத் தொடாதே. அதைத் தொட்டா தபால்துறைக் குற்றம். கம்பத்தை மட்டும் பாரு. சாலையோரம் கவுன்டி நிலம், யார் வேணா பாக்கலாம்."

மான்டி கம்பத்தைச் சுற்றி வந்தான். "நாலு பக்கமும் மூடின இரும்பு பாஸ். உருண்டைக் குழாய் இல்ல, பெட்டி மாதிரி. நடுவுல முழங்கால். நான் இடிச்ச இடத்துல பச்சை தெரியுது. இங்க, பெட்டிக்குக் கீழ, மூணு ஓட்டை." அவன் நிமிர்ந்தான். "காலையில எனக்கு முதல் துப்பைக் குடுத்ததே இந்தக் கம்பம்தான். நான்தான் அதைக் கண்டுக்கல."

ஃபிட்ச் போல்ட்டுகளோடு தாங்கியை நீட்டினார். ஒடெஸா அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாங்கியைக் கம்பத்தின் தலைப்பக்கம் வைத்து, மேல் ஓட்டையில் ஒரு போல்ட்டை விரலால் திருகினாள். பிறகு கீழே. அதற்கும் கீழே. மூன்று போல்ட்டும் ஸ்பானரே படாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதைப் போல உள்ளே போயின. அரம் போட்டு நீட்டிய ஓட்டைகளின் கடைக்கோடியில், பின்னால் நகர்ந்த சட்டத்தின் ஓட்டைகள் சரியாகக் காத்திருந்தன.

சிவப்பு மஸ்டாங்கில் வாஷர் போட்டு மறைக்க வேண்டியிருந்த கோணல், இங்கே பூட்டும் சாவியுமாகப் பொருந்தியது.

ஃபிட்ச் கைபேசியை எடுத்தார். "சிவப்பு மஸ்டாங்கை மேடையிலேர்ந்து இறக்குங்க. ஆமா, இப்பவே. ஏலம் விடுறவன் கத்தினா கத்தட்டும்."

"அது... அது எங்கேயோ கிடந்துச்சு," என்றார் வெண்டல். "எடுத்து நட்டேன்."

"உங்க ஷெட்டுல கிடந்துச்சு," என்றாள் லியோனா. "நீங்க ட்ரில் பண்ணிக் கழட்டினது. ஒட்டு எந்தப் பக்கம்னு தெரிஞ்ச ஒரே வெளியாளு நீங்கதான். தாங்கியை முத்திரைக்காக வச்சுக்கிட்டீங்க. சட்டத்தை ஏன் வச்சுக்கிட்டீங்க?"

வெண்டல் கம்பத்தைப் பார்த்தார். அவர் குரலில், அந்த நிலையிலும், ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

"அறுபத்தொன்பது இரும்பும்மா. இப்ப எங்க கிடைக்கும்? தூக்கிப் போட மனசு வரல."

"காரைத் தூக்க மட்டும் மனசு வந்துச்சு," என்றான் மான்டி.

"நான் தூக்கல! சத்தியமா! கார் போன நேரத்துல நான் எல்வுட்டோட பெட்டியைத் தோள்ல வச்சிருந்தேன். ஊரே பாத்துச்சு!"

ஒடெஸா அவர் முன்னால் வந்து நின்றாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆமா. பாத்துச்சு. சர்ச்சுல பேசி நேரம் குறிச்சது யாரு? 'நீ அழுதுட்டு இரு தங்கச்சி, மத்ததை நான் பாத்துக்கறேன்'னு சொன்னது யாரு? வீட்டைப் பூட்டிட்டு வரேன்னு சாவி வாங்கினது யாரு? என் புருஷன் பாரத்தைத் தோள்ல வச்சுக்கிட்டே, உன் ஆளுங்க எந்தத் திருப்பத்துல போறாங்கன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டிருக்கே."

வெண்டல் தலை குனிந்தார். "அக்கா மகன்... அவனும் அவன் கூட்டாளியும்... தங்கச்சி, மன்னிச்..."

"இன்னொரு தடவை என்னைத் தங்கச்சின்னு கூப்பிட்டே, டெபுடி இருக்கான்னுகூடப் பாக்க மாட்டேன்."

டெபுடி தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்து வெண்டலின் கையைப் பிடித்தார். "கம்பத்தையும் சாட்சியா எடுத்துட்டுப் போகணும் மேடம். கேஸ் முடிஞ்சதும் இதை என்ன செய்யறது?"

"எனக்கு வேணும்."

"அது வளைஞ்ச இரும்பு மேடம்," என்றார் ஃபிட்ச் மரியாதையாக. "கார்ல இப்ப இருக்கிறது நல்ல சட்டம். நேரா இருக்கு."

"உள்ள இருக்கறது என் கட்டில் இரும்பு. அதை வெட்டி எடுத்தப்புறம் எத்தனையோ நாள் நாங்க செங்கல் மேல முட்டுக் குடுத்துப் படுத்தோம், நானும் எல்வுட்டும். இவன் அதுமேல லெட்டர் வாங்கிட்டு இருந்திருக்கான்."

ஃபிட்ச் சட்டைப்பையிலிருந்து அந்த மூன்று பெரிய வாஷர்களை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒடெஸா அவற்றை வாங்கினாள். டெபுடியின் வண்டியில் ஏறப்போன வெண்டலை நிறுத்தி, அவர் சட்டைப்பையைத் திறந்து, ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். இரும்பு இரும்பின்மேல் விழும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"இது உன்னோடது," என்றாள். "என் வண்டியில மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல."